தையல் பிசகிய இடம்

துப்பறியும் நாவல்களில் 'கோஸி' என்றொரு வகை உண்டு. கொலை நடக்கும், இரத்தம் கண்ணில் படாது. ஒரு சிற்றூர், கொஞ்சம் ஊர்வம்பு, துப்பறிவதைத் தொழிலாகக் கொள்ளாத ஒரு பெண். இவை போதும். அமெரிக்காவில் இவ்வகைக்குள் கைவினையை மையமாகக் கொண்ட தொடர்கள் பல. 1999-இல் தொடங்கிய மோனிகா ஃபெர்ரிஸின் தொடரில் நாயகி பெட்ஸி, மினசோட்டாவில் பூத்தையல் பொருள்கள் விற்கும் கடை நடத்துகிறாள். 1994 முதல் வந்த ஏர்லீன் ஃபௌலரின் பென்னி ஹார்ப்பர் நாவல்களின் தலைப்புகள் யாவும் க்வில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வை வடிவங்களின் பெயர்களே.

தீவிர வாசகர்கள் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. நான் விரும்பிப் படிப்பதற்குக் காரணம், கைகளின் அறிவு இவற்றில் சாட்சியமாக மாறுவதுதான். 1927-இல் ஒரு சிறுகதையில் அறிமுகமான அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளுக்குப் பின்னலூசி ஒரு திரை. பின்னிக்கொண்டிருக்கும் கிழவியை யார் கவனிக்கப்போகிறார்கள்? பின்வந்தவர்களிடம் ஊசியே கருவியாகிவிட்டது.

ஆனால் இதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1900-இல் அயோவா மாநிலத்தில் ஜான் ஹோசாக் என்ற விவசாயி உறக்கத்தில் கோடரியால் வெட்டப்பட்டார். மனைவி மார்கரெட் மீது வழக்கு. அதைப் பத்திரிகைக்காக எழுதிய இளம் நிருபர் சூசன் கிளாஸ்பெல், 1916-இல் 'ட்ரைஃபிள்ஸ்' நாடகத்தையும் மறு ஆண்டு அதையே சிறுகதையாகவும் எழுதினார். கதையில் ஆண்கள் வீடெங்கும் தடயம் தேட, சமையலறையில் இருக்கும் இரு பெண்கள் ஒரு க்வில்ட்டைப் பார்க்கிறார்கள். சீரான தையல் ஓரிடத்தில் திடீரெனத் தாறுமாறாகிறது. ஒருத்தி அதைப் பிரித்துச் சரியாகத் தைக்கத் தொடங்குகிறாள். தடயத்தைப் படிப்பதும் அழிப்பதும் ஒரே செயலாகிவிடுகிறது. கழுத்து திருகப்பட்ட பறவையையும் கண்டெடுத்து ஒளித்துவிடுகிறார்கள்.

கோஸி நாயகிகள் தாம் கண்டறிந்ததைக் காவல்துறையிடம் சேர்ப்பிக்கிறார்கள். பென்னி ஹார்ப்பர் காவல்துறைத் தலைவரையே மணந்துகொள்கிறாள். கிளாஸ்பெல்லின் பெண்கள் யாரிடமும் சேர்ப்பிப்பதில்லை.

என் அத்தை வீட்டில் மிஷின் வைத்து ரவிக்கை தைத்தவர். மடிப்பைத் தொட்டே யார் தைத்தது என்று சொல்லிவிடுவார். ஒரே வீட்டு ரவிக்கைகள் ஒரே தோளில் கிழிந்து திரும்பத் திரும்ப வந்தால் அதன் பொருளும் அவருக்குத் தெரியும். கிழிசலைத் தைத்துக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார், எதுவும் கேட்கவும் மாட்டார். அது கருணையா, ஊரோடு ஒத்த மௌனமா என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை.

அறிந்ததை வைத்து என்ன செய்வது என்ற இக்கேள்வியைக் கோஸி நமக்காகவே தீர்த்து வைக்கிறது. அதன் இதம் அதுதான். ஒரு கோஸியை முடித்த கையோடு கிளாஸ்பெல்லின் அச்சிறுகதையையும் படித்துப் பாருங்கள்.