தூக்கணுமா, டயரை மாத்தணுமா? போடி ஜீப் பட்டறைகளிலிருந்து

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்குள் ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தூக்குவாளியும் தலைமுண்டுமாகப் பெண்கள் ஏறி உட்கார, வண்டிகள் முந்தல் தாண்டி மலை ஏறுகின்றன. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்கள். தோட்டம் அந்த மாநிலத்தில், தோட்டக்காரர்களில் பலரும் வேலையாட்களில் பெரும்பகுதியும் இந்த மாநிலத்தில். ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர்களில் போடியும் ஒன்று.

தார்ச் சாலையை விட்டு இறங்கியதும் தோட்டத்துப் பாதை ஆரம்பிக்கிறது. செம்மண், உருட்டுக்கல், ஓடை குறுக்கிட்ட இடத்தில் பாறை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முழங்கால் சேறு. காலையில் இதில் ஏறிய வண்டியே மாலையில் மலை இறங்கி, மறுநாள் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்கோ தேனிக்கு ஆஸ்பத்திரிக்கோ போகும். காட்டுக்கென்று ஒன்று, வீட்டுக்கென்று ஒன்று என இரண்டு வண்டி வைத்துக்கொள்ள இங்கே பலருக்கும் வசதியில்லை. அதனால்தான், தினமும் ஓட்டும் வண்டியைக் கரடுமுரடான பாதைக்கு எப்படித் தயார் செய்வது என்று கேட்க இந்த ஊர்ப் பட்டறைகளுக்குப் போனேன். நகரங்களின் பளபளப்பான கடைகளைவிட இங்கே அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும் என்று தோன்றியது.

முதலில் போன பட்டறையில் பழைய கமாண்டர் ஒன்றும் மேஜர் ஒன்றும் சக்கரம் கழற்றிய நிலையில் நின்றன. மஹிந்திரா 1947இல் வில்லீஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியதன் வாரிசுகள். பக்கத்தில் 2020இல் வந்த புதுத் தலைமுறை தார். அதன் சொந்தக்காரர் முப்பது வயதைத் தொடாத ஏலத் தோட்டக்காரர். அலைபேசியில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்: நான்கு இன்ச் தூக்கி, 33 இன்ச் டயர் மாட்டிய தார். அதே மாதிரி வேண்டுமாம்.

மெக்கானிக் படத்தைப் பார்க்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பிட்டுக்குள் இறங்கினார்.

"இங்க வாங்க தம்பி, எங்க உரசியிருக்குன்னு நீங்களே பாருங்க."

நானும் குனிந்தேன். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் கூட்டின் அடியில் புதிதாகக் கல் சீவிய தடம். ஏறி இறங்க வெளியில் வாங்கி மாட்டிய பக்கவாட்டுப் படிக்கட்டு இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது. கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முன் பம்பர் சுத்தம்.

வண்டியின் வயிற்றில் உள்ள தழும்பைப் பார்த்துத்தான் மருந்து என்கிறார் அவர். நான் கேட்ட விளக்கங்களிலேயே இதுதான் உருப்படியானது. தாரின் பின்புறம் ஒரே தண்டான அச்சு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் மேலே போகும்; அச்சும் அதன் நடுவே உள்ள உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி. நடு வயிறு மேட்டில் தட்டுகிறது என்றால் கதை வேறு. அங்கே லிஃப்ட் உதவும். பின்னால் இழுவைக் கொக்கி தட்டினால் கொக்கியை மாற்றினாலே போதும். இந்த வண்டியில் தட்டியவை டிஃபரன்ஷியலும் படிக்கட்டும். படிக்கட்டு கம்பெனி கொடுத்ததே அல்ல, கழற்றினால் தீர்ந்தது. நான்கு இன்ச் லிஃப்ட் இந்த இரண்டில் டிஃபரன்ஷியலுக்கு ஒரு மில்லிமீட்டர் உதவியும் செய்யாது.

"அப்ப பெரிய டயராவது போடலாம்லண்ணே?"

போடலாம். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தாரின் உயர்ரக வகையில் வருவது 255/65 ஆர்18. டயரின் அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், உள்ளே 18 இன்ச் வளையம். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் ஏறக்குறைய 789 மி.மீ. இளைஞர் கேட்ட 285/70 ஆர்17 டயரின் விட்டம் 831 மி.மீ. வித்தியாசம் 42. அச்சு உயர்வது அதில் பாதி, அதாவது 21 மி.மீ. கட்டைவிரல் அகலம்தான். அந்த அகலத்துக்குக் கொடுக்கும் விலை? ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் ஓடும். கியர் விகிதம் ஐந்து சதவீதத்துக்கு மேல் நீண்டுவிட்ட மாதிரி ஆகும். ஏற்றத்தில் இழுவை குறையும். அதைவிட முக்கியம், இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்தும் சக்தியும் குறையும். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கும் கூடுதல் வேலை. சமவெளிக்காரருக்கு இது காகிதக் கணக்கு. சாயங்காலம் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு பதினேழு வளைவும் இரண்டாவது கியரில் இறங்குகிறவருக்கு அப்படியல்ல.

கம்பெனிக் கணக்கில் தாரின் தரை இடைவெளி 226 மி.மீ. மூக்கு தட்டாமல் ஏறக்கூடிய கோணம் ஏறத்தாழ 42 டிகிரி, நடு வயிறு தட்டாமல் கடக்கும் மேட்டின் கோணம் 27. ஏலத் தோட்டப் பாதைக்கு இதுவே தாராளம் என்பது மெக்கானிக்கின் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது. படத்தில் பார்த்த வண்டி படத்துக்காகக் கட்டப்பட்டது.

லிஃப்டே வேண்டாம் என்று சொல்கிறவர் அல்ல அவர். ஜிம்னிக்கும் பழைய ஜீப்புக்கும் செய்து கொடுத்திருக்கிறார். ஆனால் செய்கிற முறை வண்டிக்கு வண்டி மாறும். ஜிம்னியில் முன்னும் பின்னும் தண்டு அச்சு, காயில் ஸ்பிரிங்; இரண்டு இன்ச் உயர்த்தினால் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்டு ராடு அதை ஒரு பக்கமாக இழுத்துவிடும். அந்த ராடை நீளம் மாற்றக்கூடியதாகப் போட வேண்டும். முன் சக்கரத்தின் கேஸ்டர் சாய்வு குறைந்து ஸ்டீரிங் லேசாக மிதக்கும். அதற்குத் தனி புஷ். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பர் பழையதே இருந்தால் பள்ளத்தில் அதன் முழு நீளமும் தீர்ந்து சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் தாழ்த்த வேண்டும். தாரின் முன்புறம் இன்னொரு வகை. அங்கே சக்கரங்கள் தனித்தனியாக இயங்குகின்றன. ஸ்பிரிங் மேல் ஒரு இன்ச் கட்டை வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு இன்ச் இறங்கும். கூடவே ஆக்ஸில் ஜாயின்ட்டின் கோணம் கூடி, ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் ஒழுகும். பெட்டியில் வரும் "லிஃப்ட் கிட்" பலவற்றில் ரப்பர்க் கட்டை மட்டும்தான் இருக்கிறது. மேற்சொன்ன மிச்சம் எதுவும் இருக்காது. விலை மலிவாக இருப்பதன் ரகசியம் அதுவே.

பழைய ஜீப் என்றால் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளிப் போக வேண்டும். அதன் ஸ்பிரிங்கான கமான் பட்டையை அடிக்கிறவர் அங்கே இருக்கிறார். பட்டறைக் கல், சம்மட்டி, சுவரில் சாய்த்த பழைய பட்டைகள்; நிறுவனப் பலகை கிடையாது. தேடி வருகிறவர்கள் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கமாண்டரின் பின் பட்டைக் கட்டைப் பிரித்துப் போட்டிருந்தார். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் வரிசை எண். சென்டர் போல்ட் துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் முதலில் பிறக்கும் இடம் அதுதான். மூன்றாவது பட்டையில் முடிபோல ஒரு கோடு. அதைத் தனியே எறிந்தார். மீதியைக் கல்லின் மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து விரல் விரலாக நகர்த்தி, சம்மட்டி போடுகிற பையனுக்குத் தலையசைப்பால் இடம் காட்டினார். பேச்சே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. பத்துப் பன்னிரண்டு அடிக்கொரு முறை, மேலே வரவேண்டிய பட்டையோடு சேர்த்துப் பிடித்து இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிய வேண்டும். அடிப் பட்டைக்கு வளைவு சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் போல்ட் முறுக்கும்போது எல்லாம் ஒன்றையொன்று இறுகக் கவ்வும், பாரமும் பங்காகும். அந்த வெளிச்சத்தின் அளவுதான் இவர் தொழிலின் முழு ரகசியம். அளவுகோல் எதையும் நான் பார்க்கவில்லை.

சிலர் வேலையைச் சுலபமாக்க உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிடுகிறார்கள். ஸ்பிரிங் எஃகு சிலிக்கானும் மாங்கனீசும் கலந்தது. அதைக் காய்ச்சினால் எண்ணெயில் முறையாகக் குளிரவைத்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்த வேண்டும். அப்படியே ஆறவிட்டால் எஃகு தன் குணத்தை இழந்து சாதாரண இரும்பாகிவிடும். "அடுத்த மழைக்குள்ள வண்டி குப்புற உக்காந்துரும் சார்" என்றார்.

உயரம் வேண்டுமென்று வருகிறவர்கள் கூடுதலாக ஒரு பட்டை சொருகச் சொல்வார்களாம். இல்லாவிட்டால் தடித்த பட்டை. இதில் உள்ள ஆபத்தை எண்ணில் சொன்னால் விளங்கும். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. போட்டால் தடிமன் ஆறில் ஒரு பங்குதான் ஏறுகிறது. விறைப்போ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஆள் நிறைந்த ஜீப்புக்கு அது பரவாயில்லை. தனி ஆள் ஓட்டிப் போனால் முதுகு போகும், சேற்றில் சக்கரம் தரையைத் தொடாமல் துள்ளும். பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டுவது இன்னொரு குறுக்குவழி: இரண்டு இன்ச் நீட்டினால் கிடைப்பது ஒரு இன்ச்தான், முன்பக்கம் செய்தால் ஸ்டீரிங்கும் அலையும். அதனால் வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றே: "எம்புட்டுப் பேர ஏத்துவீங்க?"

இந்தக் கைக்கு வேலை குறைந்துவருகிறது. 2010இல் வந்த தாரில் பின்புறமாவது கமான் பட்டை இருந்தது. 2020 தாரில் அதுவும் காயிலாக மாறிவிட்டது. பொலேரோ பிக்கப்பும் லாரியும்தான் இப்போது இவருக்குச் சோறு போடுகின்றன. சம்மட்டி போடும் பையன், மெக்கானிக் ஷெட்டுக்கு மாறிவிடப்போவதாக அவர் எதிரிலேயே என்னிடம் சொன்னான். அவர் மறுக்கவில்லை.

டயர்க் கடைக்காரர் இவர்கள் இருவரையும்விடப் பேச்சுக்காரர். கட்டைகட்டையாகப் பூப்போட்ட எம்.டி. டயரைத் தோட்டக்காரர்கள் விரும்பிக் கேட்பதையும், பாதிப்பேரைத் தாம் தடுப்பதையும் சொன்னார். சேற்றைக் கவ்விக் கக்குவதற்கு அதன் அகன்ற இடைவெளிகள் நல்லவை. ஆனால் ரப்பர்க் கட்டைகளில் நுண்கீறல்கள் குறைவு. ஈரமான தார்ச் சாலையில் தண்ணீரைத் துடைத்துப் பிடிப்பது அந்தக் கீறல்கள்தான். மழைக்காலத்தில் போடிமெட்டுச் சாலை முழுக்க ஈரத் தார். தினமும் இருபது கிலோமீட்டருக்கு மேல் தாரும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மண்ணும் ஓட்டுகிறவருக்கு, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. டயரே சரி என்பது அவர் தீர்ப்பு. வருடம் முழுதும் தோட்டத்தை விட்டு வெளியே வராத வண்டிக்கு மட்டும் எம்.டி.

வாங்கும்போது பக்கச் சுவரில் இரண்டு விஷயம் பார்க்கச் சொன்னார். நான்கு இலக்க எண்: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அடுத்தது பார எண்: 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது.

கடைசியாக ஒரு தந்திரம் சொன்னார், செலவில்லாதது. பாறையிலும் சேற்றிலும் ஏறுமுன் டியூப்லெஸ் டயரில் காற்றை இருபது பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால், டயர் தட்டையாகிக் கல்லைச் சுற்றிப் பிடிக்கும். தார்ச் சாலைக்குத் திரும்புமுன் மறக்காமல் ஏற்ற வேண்டும். சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்னக் கம்ப்ரஸர் போதும். டியூப் போட்ட பழைய டயரில் இதைச் செய்தால் டயர் வளையத்தில் நழுவி வால்வு அறுந்துவிடும்.

சட்டத்தைப் பற்றிப் பட்டறைகளில் யாரும் தாமாகப் பேசுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தினமும் மாநில எல்லையைத் தாண்டும் வண்டிக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் முதலில் குனிந்து பார்ப்பது வண்டியின் அடியைத்தான்.

தார் இளைஞர் எடுத்த முடிவை அங்கிருந்து கிளம்புமுன் தெரிந்துகொண்டேன். லிஃப்ட் இல்லை. படிக்கட்டைக் கழற்றிவிட்டார். டிஃபரன்ஷியலுக்கு அடியில் கனத்த எஃகுத் தகடு. கம்பெனி அளவிலேயே, பக்கச் சுவர் வலுவான ஏ.டி. டயர் நான்கும் ஸ்டெப்னியும். ஒரு கம்ப்ரஸர். லிஃப்டுக்கும் 33 இன்ச் டயருக்கும் ஒதுக்கியிருந்த தொகையில் பாதிக்கும் மேல் மிச்சம் என்றார். மலைக்கும் ஊருக்கும் ஒரே வண்டி வைத்திருக்கிறவர்கள் கிட் விலையை விசாரிப்பதற்கு முன், தம் வண்டியைப் பிட்டில் ஏற்றி அடியில் எங்கெங்கே கல் பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.