பூனைக்கு மணி கட்டிய டாக்டர்

1986. கலிபோர்னியாவில் பெட்டலூமா என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பெண்மணி நிறைய பூனைகளை வைத்து வளர்த்துக் கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, ஒரே ஒரு அடைப்பில் இருந்தவை தவிர. அந்த அடைப்புப் பூனைகளுக்கு மட்டும் ஈறு வீக்கம், ஓயாத சளி, வயிற்றுப்போக்கு, உடம்பு இளைப்பு... ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. பூனைகளுக்கு வழக்கமாக வரும் லூகேமியா வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை.

டேவிஸ் பல்கலைக்கழகத்து கால்நடை மருத்துவர் நீல்ஸ் பீடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் நோயுற்ற பூனையின் ரத்தத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். கிடைத்தது எச்.ஐ.வி.யின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு வைரஸ்! எச்.ஐ.வி.யையே கண்டுபிடித்து அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. எஃப்.ஐ.வி. என்று இன்று அழைக்கப்படும் இதுவும் டி-செல் எனப்படும் வெள்ளை அணுக்களைத்தான் குறிவைக்கிறது. சண்டையில் கடிபட்டு பரவுவதால் தெருச்சண்டைக்குப் போகும் கடுவன் பூனைகளுக்குத்தான் அதிகம் வரும். மனிதனுக்குத் தொற்றாது, பயப்பட வேண்டாம் :-)

2002-ல் அமெரிக்காவில் இதற்குத் தடுப்பூசியும் வந்தது. மனித எய்ட்ஸுக்கு இன்றுவரை இல்லாத ஒன்று. ஆனால் ஊசி போட்ட பூனையின் ரத்தத்தைச் சோதித்தால் நோய் வந்த பூனை மாதிரியே காட்டும். இந்தக் குழப்பத்தோடேயே ஓடி, பிற்பாடு அங்கே விற்பனையும் நின்றுபோனது.

பீடர்சனை மாணவப் பருவத்திலிருந்தே துரத்திய நோய் வேறொன்று. அதன் பெயர் எஃப்.ஐ.பி. பூனைகளின் குடலில் ஒரு கொரோனா வைரஸ் சர்வசாதாரணமாக இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சில பூனைகளில், குறிப்பாகக் குட்டிகளில், அது உருமாறி மேக்ரோஃபேஜ் என்கிற வெள்ளை அணுவுக்குள் குடியேறிவிடும். மேக்ரோஃபேஜின் வேலையே கிருமிகளை விழுங்குவதுதான். அதன் முதுகிலேயே ஏறி வைரஸ் உடம்பு முழுக்கச் சுற்றும். ரத்தக்குழாய்கள் வீங்கி, நீர் கசிந்து, வயிறு பானை மாதிரி ஆகிவிடும். சரியாகச் சொன்னால் வேலியே பயிரை மேய்ந்த கதை.

இதைவிடக் கொடுமை, ஆன்டிபாடி இருந்தால் காப்பாற்றும் என்று நாம் படித்ததெல்லாம் இங்கே தலைகீழ். சோதனைத் தடுப்பூசி போட்ட குட்டிகள் சிலவற்றில், போடாத குட்டிகளைவிட சீக்கிரமாகவே செத்தன. ஆன்டிபாடி ஒட்டிய வைரஸை மேக்ரோஃபேஜ் இன்னும் ஆசையாக விழுங்கியதுதான் காரணம். கொரோனா தடுப்பூசி செய்ய உட்கார்ந்த விஞ்ஞானிகள் 2020-ல் இந்தப் பழைய பூனைக் கதையை நினைத்துத்தான் முதலில் கவலைப்பட்டார்கள்.

எஃப்.ஐ.பி. வந்தால் மரணம் என்பதுதான் அரை நூற்றாண்டு நிலைமை. பிப்ரவரி 2019-ல் பீடர்சன் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. கிலியட் கம்பெனியின் ஜி.எஸ்-441524 என்ற மருந்தை, தானாக நோய் வந்த 31 பூனைகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 25 பூனைகள் பிழைத்துக்கொண்டன. சிலவற்றுக்கு நோய் திரும்பி, இரண்டாம் முறை ஊசி போட வேண்டியிருந்தது.

கடைக்கு வந்ததா? இல்லை. பூனைக்கென்று அந்த மருந்தை அந்தக் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவரவில்லை. தேவை இருக்கிறது, காசு கொடுக்க ஆள் இருக்கிறது, சட்டப்படி விற்க ஆள் இல்லை. அப்புறம் என்ன, கள்ளச்சந்தைதான். சீனாவில் தயாரான குப்பிகள் ஃபேஸ்புக் குழுக்கள் வழியாகக் கைமாறின. ஆயிரக்கணக்கான டாலர் செலவு. டாக்டரால் சீட்டு எழுத முடியாததால் வீட்டுக்காரர்களே தினம் ஊசி போட்டார்கள், 84 நாள்! அந்த ஊசி நன்றாக எரியுமாம், பாவம். சட்டத்தை மீறினார்கள் என்று அவர்களைத் திட்ட மனம் வரவில்லை.

இதே கம்பெனியின் ரெம்டெசிவிர் உடம்புக்குள் போனதும் பெரும்பாலும் இந்த ஜி.எஸ்-441524 ஆகத்தான் மாறுகிறது. ஆம், 2021 ஏப்ரல், மே மாதங்களில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராப்பகலாக ஜனங்கள் வரிசையில் நின்றார்களே, அதே ரெம்டெசிவிர். அதுவும் கள்ளச்சந்தையில் பறந்தது. ஆனால் மனிதர்களில் உயிர் காக்கும் பலன் பெரிதாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2020-லேயே சொல்லியிருந்தது. பூனைக்கு வேலை செய்த அளவுக்கு நமக்குச் செய்யவில்லை.

பிரிட்டனில் 2021-லும் அமெரிக்காவில் 2024-லும் பூனைகளுக்கு இம்மருந்து சட்டப்படி கிடைக்கத் தொடங்கியது. இடையே 2023-ல் சைப்ரஸ் தீவில் ஒரு புதிய பூனைக் கொரோனா, நாய்க் கொரோனாவோடு கலந்து பிறந்தது, தெருப்பூனைகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. அந்த ஆகஸ்டில் சைப்ரஸ் அரசு தன் கிடங்கைத் திறந்தது. கோவிட் சமயத்தில் மனிதர்களுக்கென்று வாங்கி மிச்சம் கிடந்த மாத்திரைகளை எடுத்துப் பூனைகளுக்குக் கொடுத்தது.