வீணாக நிறுத்திய இரவு

எண்ணெய்க் குழாய் உடைவதைக் கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் கண்ணால் பார்ப்பதில்லை. சத்தம் கேட்காது, வாடை வராது. திரையில் இரண்டு எண்கள் ஒத்துவராமல் போகும், அவ்வளவுதான். இந்த முனையில் மணிக்கு இவ்வளவு கிலோலிட்டர் ஏற்றுகிறோம். அந்த முனையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது. அந்தக் குறைவு எங்கே போனது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பெட்ரோலும் டீசலும் மாறி மாறி ஓடும் ஒரு லைனின் கண்ட்ரோல் ரூமில் என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது.

கணக்கு உதைப்பதற்குக் காரணங்கள் ஏராளம். டீசல் முடிந்து பெட்ரோல் வரும்போது, அதாவது பேட்ச் மாறும்போது, அடர்த்தி மாறும்; அதோடு பிரஷரும் அசையும். இறங்கும் இடத்தில் ஒரு டாங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் அசையும். மண்ணுக்கடியில் எண்ணெய் குளிர்ந்தால் அதன் அளவே சற்றுச் சுருங்கும். மீட்டர் பொய் சொல்லும். இவை எதுவும் ஆபத்தில்லை. ஆனால் இதே மாதிரியான குறைவைத்தான் திருட்டும் காட்டும், கசிவும் காட்டும். இரவில் குழாயைத் தோண்டி, துளையிட்டு, வால்வு வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2019 ஜனவரி 18 அன்று மெக்சிகோவின் ட்லாவெலில்பன் ஊரில் அப்படித் துளையிடப்பட்ட பெட்ரோல் குழாய் வயல் நடுவே பீய்ச்சி அடித்தது. கேன்களோடு கூடிய ஊர்மக்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும்போதே தீப்பற்றி, 130 பேருக்கு மேல் இறந்தார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் பள்ளத்தில், வாய்க்காலில், வரப்போரம் தங்கும். ஒரு பொறி போதும்.

என் இரவுக்கு வருகிறேன். பேட்ச் மாறிக்கொண்டிருந்த நேரம். இறங்கும் கணக்கு குறைந்தது. நடு ஸ்டேஷனில் பிரஷரும் கொஞ்சம் சரிந்தது. பேட்ச் மாறினால் இப்படித்தான் ஆகும் என்று மனம் உடனே சொல்லிவிட்டது. ஆனால் பேட்ச் கடந்து போன பிறகும் குறைவு நேராகவில்லை. மேலதிகாரியை வீட்டில் எழுப்பினேன். “பேட்ச்தானே மாறுது? இன்னும் கொஞ்ச நேரம் பாருப்பா” என்றார். அவர் மீது குறை சொல்லவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்த எந்த அனுபவசாலியும் அதைத்தான் சொல்வார். ஆனால் லைனை நிறுத்தும் அதிகாரம் ஷிஃப்டில் இருப்பவருக்கு உண்டு என்று எங்கள் நடைமுறைப் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருந்தது. பம்பை நிறுத்தினேன். ஒவ்வொரு வால்வாக மூடச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். பராமரிப்பு ஆட்களும் இரவு ரோந்துக்காரர்களும் டார்ச்சோடு லைன் மேல் இறங்கினார்கள்.

விடியும்வரை நடந்தார்கள். எங்கும் ஒரு சொட்டு இல்லை. காலையில் கருவிக்காரர்கள் போய்ப் பார்த்தால், இறங்கும் முனையில் மீட்டர் சிக்னலில் கோளாறு. பிரஷர் சரிந்தது பேட்ச் மாறியதால்தான். லைன் முழுசாக, நன்றாக இருந்தது. நான் நிறுத்தியதால் டெர்மினலில் லாரிகள் வரிசையாக நின்றன. பங்க்குகளுக்கு லோடு தாமதமானது.

காலைக் கூட்டத்தில் முதல் கேள்வி, “எத்தனை மணி நேரம் நின்றது?” இரண்டாவது, “ஏன் மீட்டரைச் சரிபார்க்கவில்லை?” எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். தண்டனை எதுவும் இல்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை. ஆனால் அந்த விளக்கக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது எனக்கு உள்ளுக்குள் குறுகிப் போனது. செய்யக்கூடாததைச் செய்தவன் எழுதுவது போலவே அதன் வாசகங்கள் வந்து விழுந்தன. ‘எதிர்காலத்தில் மேலும் கவனமாக’ என்று முடித்தேன். எதில் கவனமாக? நிறுத்துவதிலா, நிறுத்தாமல் இருப்பதிலா?

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். அதற்குப் பிறகு வந்த இரவுகளில் கணக்கு உதைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் குழாய் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கூட்ட மேசைதான் வந்தது. இந்த முறையும் ஒன்றும் இல்லையென்றால் என்ன எழுதுவேன் என்று மனம் வாக்கியம் தேடியது. விதி மாறவில்லை, அதிகாரம் மாறவில்லை, எனக்குத் தெரிந்த தொழிலும் குறையவில்லை. கேள்விகளை எந்த வரிசையில் கேட்டார்கள் என்பது மட்டும் என் கையைக் கனமாக்கியிருந்தது. அந்த பயத்தோடும் வேண்டியபோது நிறுத்தினேன். ஆனாலும் குழாயைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் என்னைப் பற்றி யோசித்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அந்தக் காலத்தில்தான் மார்ஷல் விபத்து பற்றிய அறிக்கையைப் படித்தேன். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்டது. வேறு யாருக்கும் அது சலிப்பூட்டும் ஆவணம். எனக்கு ஒவ்வொரு பக்கத்திலும் என் நாற்காலி தெரிந்தது.

2010 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற சிற்றூருக்கு அருகே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 30 அங்குலக் கச்சா எண்ணெய்க் குழாய், மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, ஆறரை அடிக்கு மேல் நீளத்துக்குக் கிழிந்தது. 1969-இல் பதித்த குழாய். மேலே சுற்றிய நாடா விட்டுப்போன இடத்தில் துருவும் விரிசலுமாக வளர்ந்திருந்தது. அதை இயக்கியவர்கள் கனடாவின் எட்மன்டன் நகரில் உட்கார்ந்திருந்தார்கள். கிழிந்த உடனேயே அலாரம் அடித்தது. ஆனால் சரியாக அந்த நேரத்தில், முன்பே திட்டமிட்டபடி லைனை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நிறுத்தும்போது பிரஷர் இறங்கத்தானே செய்யும்? இரவில் மீண்டும் ஓட்ட முயன்றபோது கணக்கு பெரிதாக உதைத்தது. குழாய்க்குள் எண்ணெய்த் தொடர் அறுந்து நடுவில் ஆவி இடைவெளி விழுந்திருக்கும், அதை நிரப்பத்தான் இவ்வளவு எண்ணெய் போகிறது என்று விளக்கம் கண்டார்கள். அப்படி நடப்பது உண்டு. கையருகே தயாராக ஒரு நியாயமான காரணம் இருந்தது. என் இரவில் பேட்ச் மாற்றம் இருந்ததைப் போல.

இடையில் ஷிஃப்ட் மாறியது. கிழிந்த குழாயை இரண்டு முறை மறுபடி ஓட்டினார்கள். வெளியேறிய எண்ணெயில் 81 சதவீதம் அந்த இரண்டு ஓட்டங்களில் போனது என்கிறது அறிக்கை. மார்ஷல் மக்கள் முதல் நாள் இரவே வாடை அடிக்கிறது என்று அவசர எண்ணுக்குச் சொல்லியிருந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் தேடிப் பார்த்து, காரணம் தெரியாமல் திரும்பியிருந்தார்கள். 17 மணி நேரத்துக்குப் பிறகு, ஓர் எரிவாயு நிறுவனத்தின் ஊழியர் போன் செய்து சொன்னபோதுதான் எட்மன்டனில் நம்பினார்கள். அதற்குள் சுமார் 32 லட்சம் லிட்டர் வெளியேறி, டால்மேட்ஜ் ஓடை வழியாகக் கலமசூ ஆறுவரை போயிருந்தது. 300 பேருக்கு மேல் உடம்பு சரியில்லை என்று முறையிட்டார்கள்.

எனக்கு வலித்த இடம் வேறு. காரணம் புரியாத நிலை பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் நிறுத்த வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. 1991-இல் மினசோட்டாவின் கிராண்ட் ராப்பிட்ஸில் நடந்த பெரிய கசிவுக்குப் பிறகு எழுதிய விதி. பத்தொன்பது ஆண்டுகள் அது புத்தகத்தில் இருந்தது. அந்த இரவில் அந்த அறையில் இருந்தவர்கள் சோம்பேறிகளோ முட்டாள்களோ அல்ல. அன்றாடம் விதியைக் கொஞ்சம் தாண்டித் தாண்டி, தாண்டுவதே வழக்கமாகிப் போயிருந்தது.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் 167 பேரைக் கொன்ற பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தளத் தீயிலும் இதே கதை உண்டு. பைப்பர் எரிவது தெரிந்த பிறகும் குழாயால் அதோடு இணைந்திருந்த டார்ட்டன், கிளேமோர் தளங்கள் உடனே உற்பத்தியை நிறுத்தவில்லை. அங்கே பொறுப்பிலிருந்தவர்கள் நிறுத்தத் தயங்கியதை விசாரித்த கல்லன் பிரபுவின் 1990 அறிக்கை கடுமையாகக் குறை சொன்னது.

இவற்றைப் படித்த பிறகும் எனக்குத் தெளிவு புத்தகத்திலிருந்து வரவில்லை. அந்த இரவு லைன் மேல் நடந்த ரோந்துக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. வெகு நாள் கழித்து ஒரு வால்வு ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். பக்கத்துக் கிராமத்துக்காரர், ஒப்பந்த வேலை, என்னைவிட மூத்தவர். அன்று வீணாக உங்களை நடக்க வைத்துவிட்டேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“வீணா? நல்லா சொன்னீங்க சார். லீக்குன்னு சொல்லித்தானே எங்கள அனுப்புனீங்க. ஓடுற லைன் மேல நடந்திருந்தா என்னா கதி? ஓடையில எறங்கறப்ப லைன் நின்னுருச்சான்னு ரெண்டு தடவ கேட்டேன். நின்னுருச்சுன்னாங்க. அப்புறந்தான் கால வச்சேன்.”

அவர் சொன்னதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. நிறுத்தியதன் பலனை, கசிவு இருந்ததா இல்லையா என்று விடிந்த பிறகு கிடைத்த பதிலை வைத்தே நானும் அளந்திருந்தேன், அதிகாரிகளும் அளந்தார்கள். இருட்டில் ஓடைக்குள் கால் வைத்தவருக்கு அந்தப் பதில் கிடைத்திருக்கவில்லை. அவர் கையில் இருந்தது லைன் நின்றுவிட்டது என்ற ஒரே உறுதி. அவருக்கு மட்டுமா? குழாய் போகும் நிலம் விவசாயியுடையது. 1962-ஆம் ஆண்டுக் குழாய்ப் பாதைச் சட்டப்படி கம்பெனிக்கு அங்கே இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். வரப்பில் தண்ணீர் கட்டப் போகிறவரும் மோட்டார் கொட்டகையில் பீடி பற்றவைக்கிறவரும் எங்கள் திரையில் தெரிவதில்லை. நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய தாயிடம், விடிந்ததும் காய்ச்சல் தணிந்துவிட்டது, ஏன் வந்தாய் என்று எந்த நல்ல டாக்டரும் கேட்பதில்லை.

பிறகு நான் ஷிஃப்டுகளுக்குப் பொறுப்பாளன் ஆனேன். இப்போது இளைஞர்கள் என்னை எழுப்புகிறார்கள். “சார், கணக்கு ஒத்துவரலை, நிறுத்திட்டேன்” என்றால் என் வாயிலிருந்து வரும் முதல் சொல் “நல்லது”. அடுத்தது, “வால்வு மூடியாச்சா, ஆட்கள் எங்கே இருக்காங்க?” எத்தனை மணி நேரம் என்று அந்த இரவில் கேட்பதே இல்லை. இதைப் பழக எனக்கே நாளானது. தூக்கத்தில் பழைய கேள்விதான் முதலில் வாயில் வரும்.

நிறுத்துவதற்கு ஒருவர் போதும். மறுபடி ஓட்ட மட்டும் சான்று வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். வால்வுகளை மூடிவிட்டு, ஒவ்வொரு பகுதியிலும் அடைபட்ட பிரஷர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் குளிர்வதால் மெல்ல இறங்கும், போகப் போக அந்த இறக்கம் தணியும். தணியாமல் ஒரு பகுதி மட்டும் தொடர்ந்து இறங்கினால் அங்கே ஆள் போக வேண்டும். அது முடியும்வரை, யார் போன் செய்தாலும், எவ்வளவு லாரி நின்றாலும், பம்ப் ஓடாது. மார்ஷலில் குழாய் கிழிந்தது ஒரு நொடியில். ஆற்றை நிரப்பியது பெரும்பாலும் அந்த மறு ஓட்டங்கள்.

தீராத ஒன்று இருக்கிறது. மாதாந்திர அறிக்கையில் லைன் நின்ற நேரம் எல்லாம் ஒரே தலைப்பில், ‘இழப்பு’ என்று வருகிறது. பம்ப் கெட்டுப் போய் நின்றதும், கரண்ட் போய் நின்றதும், சந்தேகப்பட்டு ஒரு பையன் நிறுத்தியதும் ஒரே பட்டியல். சந்தேகத்தில் நிறுத்தியதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியாக எழுதுங்கள், இழப்பு என்று எழுதாதீர்கள் என்று கேட்டு வருகிறேன். சாஃப்ட்வேரில் அதற்கு இடமில்லை என்கிறார்கள். போன மாதம் எங்கள் ஷிஃப்டில் ஒரு பெண் பொறியாளர் நிறுத்தினார். ஒரு வால்வு சரியாக மூடாமல் உள்ளுக்குள்ளேயே கடத்தியது என்று தெரிந்தது. அவருடைய மணி நேரங்களும் அந்தப் பட்டியலுக்குள் போயின. அந்த வரிக்குக் கீழே, நிறுத்தியது சரி, நானும் இதையே செய்திருப்பேன் என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். இனி வரும் ஒவ்வொரு அறிக்கையிலும், தனிப் பட்டியல் வரும்வரை, அப்படியே அனுப்புவேன்.