சொல்லக் கூசும் ஒரு விடயம்

பத்திரிகைகளில் மருத்துவக் கேள்வி பதில் பகுதிக்கு வரும் கடிதங்களிற் சில, பெயரோ முகவரியோ இன்றி வரும். ஆண் குழந்தையின் விதைப்பையில் விதை இல்லை என்பது அத்தகைய கடிதங்களுக்குரிய விடயம். சொல்லக் கூசுவதால் சிகிச்சைக்கான காலமும் கடந்துவிடுகிறது.

என் சகோதரியின் பேரனுக்கும் இக்குறை இருந்தது. ஒரு பக்க விதை கைக்குத் தட்டுப்படவில்லை. “ஆம்பிளைப் பிள்ளைதானே, வளர வளர இறங்கும்” என்றார் சகோதரி. மருமகளோ, “மாமா, அது உள்ளுக்கு இருக்கா, இல்லையா எண்டே தெரியேல்லையாம்” என்று கலங்கினாள்.

கருவில் விதைகள் வயிற்றினுள், சிறுநீரகங்களுக்கு அண்மையில் உருவாகிப் பின்னர் விதைப்பைக்கு இறங்குகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு இப்பயணம் முற்றுப்பெறுவதில்லை. குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். ஆறு மாதம் கடந்தபின் அது அரிது. சகோதரியின் நம்பிக்கைக்கு இருந்த காலவரம்பு அவ்வளவே. உடலின் வெப்பத்தில் தங்கும் விதை பழுதுறும். பிற்காலத்தில் மகப்பேற்றுத் திறன் குறையலாம், புற்றுநோய் அபாயமும் கூடும்.

இறங்காத விதைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கைக்குத் தட்டுப்படாது. அதனை ஸ்கான் பரிசோதனையும் நிச்சயமாகக் காட்டாது. சிகிச்சைக்கு அனுப்புமுன் ஸ்கான் எடுக்க வேண்டாம் என்றே அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. இங்கேதான் சாவித்துவாரச் சத்திரசிகிச்சை கைகொடுக்கிறது. இத்தேடலுக்கு அது முதன்முதலில் பயன்பட்டது 1976இல்.

குழந்தையை மயக்கியபின் வைத்தியர் முதலில் மீண்டும் தடவிப் பார்ப்பார். தசைகள் தளர்ந்த நிலையில் சில விதைகள் அகப்பட்டுவிடும். அகப்படாவிடின் தொப்புளருகே சிறு துவாரமிட்டு, வயிற்றை வாயுவால் உப்பச் செய்து, கமெராக் குழாயைச் செலுத்துவார். விதைக்குரிய இரத்தக் குழாய்களே வழிகாட்டி. அவை வயிற்றுக்குள்ளேயே முடிந்திருந்தால், விதை கருவிலேயே அழிந்துவிட்டது என்று பொருள். தேடல் அத்துடன் முடிகிறது. கவட்டு வாயிலினூடாக வெளியேறினால் கவட்டில் தேடவேண்டும். விதை வயிற்றினுள்ளேயே இருந்தால் கீழே இறக்கலாம். குழாய்கள் மிகக் குட்டையாயின் அதனை இரு கட்டங்களாகச் செய்வர்.

எங்கள் குழந்தைக்கு விதை கவட்டு வாயிலின் உட்புறத்திலேயே இருந்தது. அதே மயக்கத்திலேயே இறக்கிப் பொருத்தினர். “இருக்குதாம் மாமா” என்று மருமகள் தொலைபேசியில் சொன்னாள். அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

பெற்றோரே, குழந்தையைக் குளிப்பாட்டும்போது கவனியுங்கள். ஆறு மாதமாகியும் விதை இறங்காவிடின் வைத்தியரிடம் செல்லுங்கள். ஒன்றரை வயதுக்குள் சிகிச்சை முடிவது நல்லது. கூச்சம் பெரியவர்களுக்குரியது, அதன் விலையைக் குழந்தை செலுத்தலாகாது.