பேரனின் மேட்ச்சும் பேத்தியின் விடுமுறையும்

கோடையில் அமெரிக்கா போய் வந்த நண்பர்களைக் கேட்டால் நயாகரா பார்த்தோம், சுதந்திர தேவி சிலை பார்த்தோம் என்பார்கள். கொஞ்சம் துருவினால் இன்னொன்றும் வெளியே வரும். பேரனுக்கு மேட்ச், பேத்திக்கு நீச்சல் போட்டி என்று மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்த சனி, ஞாயிறுகள். அங்கே பிள்ளைகளின் விளையாட்டு அட்டவணைதான் குடும்பத்துக்குப் பஞ்சாங்கம். லீவு, பயணம், விருந்தாளி வருகை எல்லாம் அதைப் பார்த்துத்தான் குறிக்கப்படும்.

நானும் என் மனைவியும் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்த கோடையில் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பேஸ்பால் ஆடுகிறான். அவனுடைய அணி ஜூலை மாதம் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் நடக்கும் ஒரு வாரப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தது. மருமகனுக்கு அந்தக் கோடையில் கிடைத்ததே ஒரு வார லீவு. ஆகவே போட்டியும் அதுதான், குடும்பச் சுற்றுலாவும் அதுதான் என்று முடிவாகிவிட்டது.

பன்னிரண்டு வயதில் அந்த ஊருக்குப் போவது அங்கே பல குடும்பங்களுக்கு ஒரு க்ஷேத்திராடனம் மாதிரி. அதற்கு ஒரு காரணமும் உண்டு. இந்த வயதில் ஆடும் மைதானம் சின்னது. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 70 அடி. பந்து எறிகிற பையன் நிற்பது 50 அடி தூரத்தில். அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் பெரியவர்கள் ஆடும் அளவுக்கு மாறிவிடும். பேஸுக்குப் பேஸ் 90 அடி, எறியும் தூரம் 60 அடிக்கு மேல். சின்ன மைதானத்தில் வேலியைத் தாண்டிப் பந்தை அடித்த பையன், பெரிய மைதானத்தில் மறுபடி அப்படி அடிக்கச் சில வருஷம் ஆகும். சிலர் அடிக்காமலே ஆட்டத்தை விட்டுவிடுவார்கள். அதனால் இந்த வயதை விடக்கூடாது என்கிறார்கள்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறது. நியூயார்க் நகரத்திலிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரக் கார் பயணம். குடியிருப்பவர்கள் இரண்டாயிரம் பேர்கூடத் தேறாது. 1839-ல் அப்னர் டபுள்டே என்பவர் இங்கேதான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்பது ஊரின் தல புராணம். அந்த வருஷம் அவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார், இந்த ஆட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்பது வரலாற்று ஆசிரியர்களின் முடிவு. ஆனால் அதற்குள் அந்த ஆட்டத்தின் புகழ் பெற்றவர்களுக்கான அருங்காட்சியகத்தை 1939-ல் இங்கே திறந்துவிட்டார்கள். தல புராணத்தை நம்பிக் கோயில் கட்டுவது நமக்குப் புதிதா என்ன?

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். பேத்தி பேரனைவிட மூன்று வயது பெரியவள். பள்ளி இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறாள். ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, "நான் வரலை தாத்தா. வீட்டுலயே இருந்துக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாதி சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்கு உறுத்தியது. மகளைக் கேட்டபோது, நாலு கோடையாக அவர்கள் போன வெளியூர் எல்லாமே தம்பியின் போட்டி நடந்த ஊர்கள்தான் என்று தெரிந்தது. பென்சில்வேனியா போனார்கள், டெலவேர் போனார்கள். அவள் பார்த்தது மைதானமும் ஹோட்டல் நீச்சல் குளமும்தான்.

மகள் மேல் தப்பு சொல்ல முடியாது. இந்தப் போட்டிகளின் அமைப்பே அப்படி. எங்களுடையதில் பிள்ளைகளும் பயிற்சியாளர்களும் போட்டி நடக்கும் வளாகத்திலேயே தங்கிவிடுவார்கள். குடும்பத்தார் வெளியே வீடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறும் திங்களும் நாளுக்கு இரண்டு ஆட்டம், செவ்வாய் காலையில் ஒன்று. ஜெயித்தாலும் தோற்றாலும் இந்த ஐந்தும் உண்டு. அதில் வருகிற வரிசைப்படி செவ்வாய் மதியத்திலிருந்து நாக் அவுட். ஒரு தோல்வி, மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெயித்துக்கொண்டே போனால் வியாழன் ராத்திரி வரை ஆட்டம். ஆக, வாரத்தின் முதல் பாதி நிச்சயம். இரண்டாம் பாதி அந்தப் பிள்ளைகள் அடிக்கிற அடியில் இருக்கிறது. மேட்ச் இருக்கலாம் என்று எல்லா நாளையும் காலியாக வைத்துக்கொண்டால், கடைசியில் எந்த நாளிலும் ஒன்றும் நடக்காது.

நான் ரயில்வேயில் கண்ட்ரோல் ஆபீசில் வேலை பார்த்தவன். கால அட்டவணை என்றால் கை சும்மா இருக்காது. நம் ரயில்களில் கடைசி இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே மட்டும் ஏன் இவ்வளவு நேரம் போட்டிருக்கிறார்கள் என்று உங்களில் பலர் யோசித்திருப்பீர்கள். அது ரெகவரி டைம். வழியில் வண்டி தாமதமானால் அதை விழுங்கிக்கொள்ள வைத்திருக்கும் நேரம். ஆனால் அந்த நேரத்தைப் போடுவதற்கு முன்னால் எந்த வண்டி எங்கே கட்டாயம் இன்ன நேரத்துக்கு நிற்க வேண்டும் என்று எழுதியாக வேண்டும். எல்லாமே ரெகவரி டைம் என்றால் அதற்குப் பெயர் கால அட்டவணை இல்லை.

ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டேன். நிச்சயமான ஐந்து ஆட்டங்களை எழுதினேன். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, "இதுல ஒரு நாள் உன்னுது. மேட்ச் இருந்தாலும் இல்லாட்டியும் உன்னுதுதான். என்ன வேணும்னு பாத்துச் சொல்லு" என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். அரை மணி கழித்துப் போனோடு வந்தாள். கூப்பர்ஸ்டவுனுக்கு வடக்கே எட்டு மைலில், ஏரிக்கரையில் ஓர் ஓபரா அரங்கம் இருக்கிறது. கிளிம்மர்கிளாஸ் விழா என்று வருஷா வருஷம் கோடையில் நடக்கிறது. நேரில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைக் கேட்க அவளுக்கு ஆசை. ஆனால் நாங்கள் இருக்கும் நாட்களில் டிக்கெட் இருந்தது செவ்வாய்ப் பிற்பகல் காட்சிக்கு மட்டும்.

"அப்பா, அன்னிக்குத்தான் நாக் அவுட் ஆரம்பிக்குது" என்றாள் மகள்.

"ஆமாம்மா. அதனாலதான் இப்பவே டிக்கெட் எடுக்கணும்" என்றேன்.

ஒரு விதியும் சேர்த்தோம். எந்த ஆட்டத்திலும் பையன் திரும்பிப் பார்த்தால் நம் ஆள் ஒருவராவது இருக்க வேண்டும். எல்லோரும் இருக்க வேண்டும் என்பதில்லை. செவ்வாய் மதியம் மருமகனும் என் மனைவியும் மைதானத்தில். மகளும் பேத்தியும் நானும் அரங்கத்தில். பேரனிடம் முன்னாலேயே சொன்னோம். "சரி" என்றான். அந்த வயதுப் பையனின் "சரி"க்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிறும் திங்களும் மைதானத்தில் நன்றாகவே போயின. என் மனைவி தயிர் சாதமும் மாவடுவும் டப்பாவில் எடுத்து வந்தாள். ஆட்டம் புரியாவிட்டாலும் யார் கையில் பந்து, எந்தப் பையன் அழப்போகிறான் என்பதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. ஒவ்வோர் அணிக்கும் தனித்தனி உலோக வில்லைகள் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பண்டமாற்று செய்து சேர்க்கிறார்கள். நம் காலத்துத் தீப்பெட்டிப் படம் மாதிரி. திங்கள் மாலை இடி இடித்தது. இடிச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும், கடைசி இடியிலிருந்து முப்பது நிமிஷம் கழித்துத்தான் திரும்ப ஆரம்பிக்கலாம். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் இன்னோர் இடி விழும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பினோம். ரெகவரி டைம் எதற்கு என்று மருமகனுக்கு அன்று புரிந்தது.

செவ்வாய் காலை ஆட்டத்தில் எங்கள் அணி எதிர்பாராமல் ஜெயித்தது. பன்னிரண்டு மணிக்கு அட்டவணை வந்தது. நாக் அவுட் ஆட்டம் மதியம் இரண்டு மணிக்கு. ஓபரா தொடங்கும் நேரத்தோடு சரியாக மோதியது.

கார் பக்கத்தில் நின்றுகொண்டு மகள் ஒன்றும் பேசவில்லை. பேத்திதான் பேசினாள். "பரவாயில்லம்மா, நீ மேட்ச்சுக்குப் போ. நாம இன்னொரு தடவை பாத்துக்கலாம்." பழகிப்போன குரல் அது. நாலு வருஷம் அவள் இப்படித்தான் சொல்லியிருக்கிறாள் என்று மகளுக்கும் அந்த நிமிஷம் கேட்டிருக்க வேண்டும். கார்ச் சாவியை எடுத்து, "ஏறு, லேட்டாகுது" என்றாள்.

அந்த அரங்கத்தின் பக்கச் சுவர்கள் நகரக்கூடியவை. ஆட்டம் தொடங்கும்வரை திறந்திருந்து புல்வெளியும் காற்றும் உள்ளே வருகின்றன. தொடங்கும்போது சுவர்கள் மெல்ல மூடிக்கொள்கின்றன. பேத்தி முன்னால் சாய்ந்து, பாடுகிறவர்களை விட்டுவிட்டு, மேடைக்குக் கீழே வயலின்காரர்களின் வில் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் போனை அணைத்துப் பையில் வைத்திருந்தாள். கை மட்டும் பையின் மேலேயே இருந்தது. எனக்கு ஓபரா எவ்வளவு புரிந்தது என்று கேட்காதீர்கள். குரல் பிடித்திருந்தது.

வெளியே வந்ததும் மருமகனிடமிருந்து செய்தி. அணி தோற்றுவிட்டது. ஆனால் நம் பையன் நாலாவது இன்னிங்ஸில் பந்தை வேலிக்கு மேலே அடித்துவிட்டான். 200 அடி. அவன் வாழ்க்கையில் முதல் ஹோம் ரன். மருமகன் வீடியோ எடுத்திருந்தார். சந்தோஷத்தில் குதித்ததால் அதில் பாதி புல்தரையும் என் மனைவியின் செருப்பும்தான் தெரிகின்றன.

மகள் காரில் அழுதாள். அதை மறைத்து எழுத விரும்பவில்லை. அந்த அடியை அவள் பார்க்கவில்லை. இனி பார்க்கவும் முடியாது. மாலையில் பையனைப் பார்த்தபோது அவன் முதலில் கேட்டது, "நீ பாக்கலை இல்ல?" என்றுதான். கொஞ்ச நேரம் முகம் சுணங்கியிருந்தான். பிறகு அந்தப் பந்தை எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்து அதில் தேதி எழுதச் சொன்னான். அவள் கையெழுத்துதான் வீட்டில் நன்றாக இருக்கும்.

சீக்கிரம் தோற்றதால் இரண்டு நாள் கையில் கிடைத்தது. அதில் ஒன்றும் குறித்து வைக்கவில்லை என்பதால் ஏமாற்றமும் இல்லை. புதன்கிழமை எல்லோருமாக அருங்காட்சியகம் போனோம். அங்கே இடம்பெற்ற முதல் பெண்மணி எஃபா மேன்லி. கறுப்பினத்தவர் தனி லீகுகளில் ஆட வேண்டியிருந்த காலத்தில் நியூவார்க் ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவர். 2006-ல் சேர்த்திருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பக்கம்தான் என்று பேத்தி அந்தப் பலகையின் முன்னால் நின்று முழுக்கப் படித்தாள். வியாழன் ஒட்ஸீகோ ஏரிக்கரை. சஸ்க்வஹானா ஆறு அங்கேதான் புறப்படுகிறது. எழுநூறு கிலோமீட்டர் ஓடிக் கடல் விரிகுடாவில் சேருகிற ஆறு, அங்கே ஒரு வாய்க்கால் அகலம்தான். திருச்சியில் அகண்ட காவிரியைப் பார்த்து வளர்ந்த நாங்கள் இருவரும் அதன் கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

பேரப்பிள்ளைகளின் போட்டிக்குப் போகிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிச்சயமான ஆட்டங்களை முதலில் எழுதுங்கள். அடுத்த வரியிலேயே ஆடாத பிள்ளையின் நாளை எழுதி, பணம் கட்டிவிடுங்கள். பணம் கட்டாத வாக்குறுதி நாக் அவுட் அன்று நிற்காது. மீதியைக் காலியாக விடுங்கள். அப்பா அம்மாவால் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. தாத்தா பாட்டி கூட இருந்தால் ஓரளவு முடியும். அந்த வாரத்தில் நம்மால் ஆகக்கூடிய உபகாரம் அது.

வரப்போகும் கோடைக்கான தாளை இப்போது பேத்தியே போடுகிறாளாம். தம்பியின் போட்டிகள் ஒரு நிறம், அவளுடைய இசை முகாம் ஒரு நிறம். நடுவில் ஒரு கட்டத்தில் "அம்மா" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். அந்த நாளில் என்ன செய்வதென்று மகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.