ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றோடு போகிற பொருளுக்கே அளவு வேண்டுமென்றால், ஏழைகளுக்கென்று வருகிற பொருளுக்கு எவ்வளவு கணக்கு வேண்டும்! இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம். எங்கள் பள்ளியின் பழைய மாணவியான ஓர் அக்கா, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆலோசகராக இருக்கிறார். நன்னெறி வகுப்பில் அவர் எங்களோடு உரையாடினார்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் எங்களுக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. எங்களில் இருவர் முன்பு ஒரு மாலைநேரப் படிப்பு மையத்தில் பயின்றவர்கள். பருத்திக் காட்டிலிருந்தும் மக்காச்சோளக் காட்டிலிருந்தும் பெற்றோர் திரும்பும்வரை அதுவே அவர்களுக்குத் தாய்மடி. வெளிநாட்டு உதவி நின்றது, மையம் பூட்டப்பட்டது. யாரும் பணத்தைத் திருடவில்லை. யாருக்கும் அன்பு குறையவில்லை. பின் ஏன் பூட்டினார்கள் என்று அக்காவைக் கேட்டோம்.

"ஒற்றைக் காலில் நின்ற பந்தல் அது" என்றார் அக்கா.

எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அவர் மூன்று கேள்விகள் கேட்பாராம். பணம் எத்தனை கைகளிலிருந்து வருகிறது? பெரிய கை ஒன்று நின்றுவிட்டால் எத்தனை மாதம் தாங்கும்? ஊரார் தங்கள் பங்காக என்ன தருகிறார்கள்?

சட்டங்களையும் எளிதாக விளக்கினார். வெளிநாட்டு நன்கொடையைத் தொடர்ந்து பெற மத்திய அரசின் பதிவு வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்தால் அப்பணத்தில் நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது. உள்நாட்டிலோ, 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் பல உண்டே என்று மகிழ்ந்தோம். "லாபம் குறைந்தால் அதுவும் குறையும், சுண்ணாம்புக்கல்லும் ஒருநாள் தீரும்" என்று அக்கா சிரித்தார்.

பின் நிலைத்து நிற்கும் தொண்டு எது? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்காட்டினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். வசதியுள்ளவர்கள் கட்டணம் தருகிறார்கள். அந்த வருவாயே ஏழைகளின் இலவசச் சிகிச்சையைத் தாங்குகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்சையும் 1992 முதல் தாங்களே தயாரித்து விலையைக் குறைத்தார்கள்.

ஏழைக் கிராமம் என்ன தர முடியும் என்று நாங்கள் விடவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது நம் தாய்மார்களுக்குப் புதிதல்ல என்று நினைவூட்டினார். அந்தப் பிடி அரிசி ஆசிரியைக்குச் சம்பளமாகப் போதாதுதான். ஆனால் "இது எங்கள் மையம்" என்று சொல்ல ஊருக்கு உரிமை தரும். பூட்டுப் போட வரும்போது, "பொறுங்கள், நாங்களும் ஒரு வழி பார்க்கிறோம்" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள்.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவரும் உவமை சொல்லியிருக்கிறார். அன்பு கோபுரத்தைத் தொடங்கும். கணக்குத்தான் அதை முடிக்கும்.

சேவை என்றால் மருத்துவமும் கன்னியர் மடமும்தான் என்று பேசிவந்த எங்கள் வகுப்பில், மேல்நிலையில் வணிகவியல் எடுக்கப் போவதாக இப்போது இருவர் சொல்கிறார்கள். அவர்கள் அந்தப் படிப்பு மையத்தின் பிள்ளைகள்.