இலைத்துளை வீடு

அவிநாசியில் எங்கள் கொல்லையில் பூசணி விதை ஊன்றினால் போதும், இரண்டு இலை விடுவதற்குள் செம்மஞ்சள் வண்டுகள் வந்து இறங்கிவிடும். ஒரே நாளில் இலையைச் சல்லடையாக்கும். பனி உலருமுன் அப்பத்தா அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவுவார். அவர் மறைந்த பின் சாம்பலுக்கு அடுப்பும் இல்லை, பொறுமையும் இல்லை; மருந்து வாங்கி அடித்தோம். வண்டுகள் செத்தன. அவற்றோடு நாங்கள் அதுவரை பார்த்திராத சிற்றுயிர்கள் பலவும் மண்ணில் மல்லாந்து கிடந்தன. அவை எவை என்று கேட்கத் தோன்றாமல் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினோம்.

அந்தக் கேள்வி பல ஆண்டுகள் கழித்தே எழுந்தது. இலைவண்டுகள் என்னும் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்டவை மட்டுமே 35,000-க்கும் மேல் என்று படித்தபோது திகைத்தோம். எங்கள் பூசணி வண்டும் அக்குடும்பமே. பார்த்தீனியத்தை ஒழிக்க 1980களில் மெக்சிகோவிலிருந்து வருவிக்கப்பட்ட வண்டும் அக்குடும்பமே. ஒன்றை நஞ்சிட்டுக் கொல்கிறோம். மற்றொன்றை விருந்தாளியாக அழைக்கிறோம்.

இங்கிருந்து அன்னூர், மேட்டுப்பாளையம் கடந்தால் நீலகிரி. அங்கே ஆண்ட்ரூஸ் என்பவர் சேகரித்த இலைவண்டுகளை மார்ட்டின் ஜேக்கபி ஆராய்ந்து, புதிய இனங்களை 1903இல் இலண்டனில் வெளியிட்டார். நம் மலையின் உயிர்கள் கடல் கடந்தே பெயர் பெற்றன. இன்று அப்பணியைச் செய்வோருள் ஒருவர் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கே.டி. பிரதாபன்.

ஒரு வண்டு புதியது என்று சொல்வது எளிதன்று. எள்ளளவு உடலை நுண்ணோக்கியின் கீழ் பிரித்து, பிறப்புறுப்பின் வடிவம்வரை வரைந்து, முன்பே பெயர் பெற்ற உறவினங்களின் மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அந்த மாதிரிகளோ பெரும்பாலும் அயல்நாட்டு அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் உள்ளன. நம் மாதிரிகளை அங்கே அனுப்புவதற்கும் சட்டச் சிக்கல்கள் உண்டு. பல்லுயிர் ஒப்பந்தம் பல்லுயிர் ஆய்வையே முடக்குகிறது என்று பிரதாபனும் பிற நாட்டு அறிஞர்களும் 2018இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். காக்க வந்த சட்டம், காக்கப்பட வேண்டியது எதுவென அறிவதற்கே தடையாகிறது என்பது அவர்களது ஆதங்கம்.

பிரதாபன், அமெரிக்காவின் கான்ஸ்தான்தினோவ் உள்ளிட்டோர் 2013இல் தென்னிந்தியாவிலிருந்து ஆர்தால்டிகா என்னும் பேரினத்தில் இரண்டு புதிய இனங்களை விவரித்தனர். உணவுமரங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினர்: நாவல் வகை மரத்தில் வாழ்வது சிசிஜியம், மருத வகையில் வாழ்வது டெர்மினாலியா. வேறு வண்டுகள் தின்றுவிட்டுப் போன இலைத்துளைக்குள் இவை உடலைப் பொருத்திக்கொண்டு ஒளிகின்றன. துளை பெரிதாக இருந்தால் தம் எச்சத்தால் சுவர் எழுப்பிச் சுருக்கிக்கொள்வதும் உண்டு. இலைவண்டுகள் இவ்வாறு துளையில் குடியிருப்பது அப்போதுதான் முதன்முறையாகப் பதிவாயிற்று. நாம் சேதம் என்று கண்ட துளை, ஓர் உயிருக்கு வீடு.

எங்கள் ஊர்க் கதையை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்டார். இழந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு அவன் கரையேறினான். பெயரிடுதலும் அத்தகைய மீட்பே என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் கதையில் பெற்றோர் அழுதனர். அழுகை கேட்டுத்தான் சுந்தரர் நின்றார். பெயரே இல்லாதது அழிந்தால் யார் அழுவது? நாங்கள் கூட்டித் தள்ளிய குவியலில் என்ன இருந்தது என்பதை இனி எவரும் சொல்ல இயலாது.

இவ்வாண்டு மருந்து வாங்கவில்லை. பக்கத்துத் தேநீர்க்கடையின் விறகடுப்புச் சாம்பலைக் கேட்டு வாங்கித் தூவினோம். பூசணி பாதி போயிற்று, பாதி காய்த்தது. தெருமுனை நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையில், துளை விழுந்த இலைகளை ஒவ்வொன்றாய்க் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். எல்லா வீடுகளும் காலியாகவே இருந்தன. இலைகளைக் கிள்ளாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.